பாட்டனாரின் கிற்றாருக்குப் பழைய குரல்

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருவிழா ஆண்டுதோறும் ஜூன் 13ஆந் திகதி நடைபெறுவதை யாவரும் அறிவர். அவ்விழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாக, ஒரு மாலை நேரத்தில், அயல்வீட்டு இளைஞன் ஒருவன் பழைய மின்கிற்றார் ஒன்றைச் சுமந்துகொண்டு எம்மிடம் வந்தான். யப்பானில் செய்யப்பட்ட அந்த வாத்தியம் அவனுடைய பாட்டனாருடையது.

1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரை ஒலிக்கச் செய்ததையும், 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப் பாடல்கள் இலங்கையெங்கும் பரவியதையும் முதியோர் மறந்திரார். அந்நாட்களில் கலியாண வீடுகளிலே அப்பெரியவர் வாசித்த கிற்றார் அது. அவர் மறைந்தபின் பல்லாண்டுகள் அலுமாரியின் மேலே உறங்கிக் கிடந்தது.

"மாமா, இதன் குரல் செத்துவிட்டது. உள்ளேயிருக்கும் மூன்று பிக்கப்புகளையும் கழற்றி எறிந்துவிட்டு, 'விண்டேஜ்' பிக்கப்புகள் வாங்கப் போகிறேன். ரியூஷன் கொடுத்துச் சேர்த்த காசு இருக்கிறது. எதை வாங்கலாம்?" என்றான்.

'எறிந்துவிட்டு' என்ற சொல் எமது நெஞ்சை உறுத்தியது. "காசு எங்கே போய்விடும், தம்பி? முதலில் நோயாளியின் நாடியைப் பார்ப்போம்" என்றோம்.

கிற்றாரின் செவி

பிக்கப் என்பது மின்கிற்றாரின் செவியாகும். தந்திகளின் கீழே காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி. இவ்வளவே அதன் அமைப்பு. உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலமும் உடன் அசைகிறது. அதனால் சுருளிலே சிறு மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. பாடசாலையில் மாணவர் மனனஞ் செய்யும் அவ்விதியே இங்கு பாட்டாக மாறுகிறது. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மின்மாண்டலினில் கருநாடக இசையின் கமகங்களை நீள ஒலிக்கச் செய்ததும் மின்விசையின் துணைகொண்டே அன்றோ?

1954இல் வெளிவந்த பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் ஒற்றைச் சுருள் கொண்டது. ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பி, சுமார் 8,000 சுற்று. தெளிந்த, மணியோசை போன்ற ஒலி அதற்குரியது. ஆயினும், நமது வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலைவதால் எழும் 'ம்ம்' என்னும் இரைச்சலையும் அது பற்றிக்கொள்கிறது. கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் பிக்கப்பில், எதிர்த்திசையில் இயங்கும் இரு சுருள்கள் அவ்விரைச்சலை ஒன்றையொன்று மாய்த்துவிடுகின்றன. அதன் ஒலி தடித்தது, கனிந்தது. இன்று 'விண்டேஜ்' என்று விற்கப்படுபவற்றுட் பெரும்பாலானவை இவ்விரு முன்னோரின் வழித்தோன்றல்களே.

பழமையில் குணமும் குற்றமும்

பழையன யாவும் சிறந்தன என்று எண்ணுதல் பிழையாகும். 1950களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பில் காந்தங்கள் உயரத்தில் ஏறியிறங்கி நிற்கும். மூன்றாந் தந்திக்குரிய காந்தம் மிக உயர்ந்திருக்கும். ஏனெனில் அந்நாளில் அத்தந்தி மேலே கம்பி சுற்றப்பட்டதாய், ஒலி குன்றியதாய் இருந்தது. இன்று பலரும் பூட்டுவது வெறுந் தந்தி. பழைய உயரத்தை அப்படியே நகல் செய்த பிக்கப்பின் மேல் அதனை மீட்டினால், அந்த ஒரு தந்தி மட்டும் மற்றவற்றை மீறிக் கத்தும். மறைந்துபோன தந்திக்குத் தைத்த சட்டை புதிய தந்திக்குப் பொருந்துமா?

அவ்வாறே, முற்கால இரட்டைச் சுருள்களுக்கு மெழுகு ஊட்டப்படவில்லை. அக்குறையையும் சேர்த்து நகல் செய்தவை, பெரிய ஒலிபெருக்கிகளின் முன்னே கீச்சிடக் கூடும். வீட்டறையில் வாசிப்பவருக்கு இது பொருட்டன்று. விழா மேடையில் வாசிப்பவருக்கோ பெருந்தொல்லை.

வாங்குமுன் அறியவேண்டியவை

முதலாவது, காந்தத்தின் வகை. அலுமினியம், நிக்கல், கோபாற்று ஆகியவை கலந்த அல்நிக்கோவில் 2ஆம், 3ஆம் இலக்கங்கள் மென்மையானவை. 5ஆம் இலக்கம் வலியது, கூர்மையானது.

இரண்டாவது, ஓம் கணக்கு. பழைய ஒற்றைச் சுருள் ஏறக்குறைய 6,000 ஓமும், பழைய இரட்டைச் சுருள் 7,000 முதல் 9,000 ஓமும் காட்டுவது வழக்கம். ஓம் கூடினால் ஒலியும் கூடும் என்று நம்பிவிடலாகாது. கம்பி மெலிந்தாலும் அவ்வெண் ஏறும்.

மூன்றாவது, அளவு. தந்திகளின் இடைவெளியும் காந்தங்களின் இடைவெளியும் ஒத்திருத்தல் வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகும் அவ்வாறே. ஒற்றைச் சுருளுக்கு 250 ஆயிரம் ஓமும், இரட்டைச் சுருளுக்கு 500 ஆயிரம் ஓமும் பொதுவாகப் பொருந்தும்.

நான்காவது, ஒன்றை மட்டும் மாற்றுவோர் அதன் மின்திசை மற்றவற்றோடு இசைகிறதா என்று பார்த்தல் வேண்டும். எதிர்மாறாயின், இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்கையில் ஓசை சோகை பிடித்ததுபோல் மெலியும்.

நாடி சொன்ன செய்தி

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய பல்மானி ஒன்று எம்மிடம் இருந்தது. அதைக்கொண்டு அளந்தோம். இரண்டு பிக்கப்புகள் ஏறக்குறைய 6,000 ஓம் காட்டின. அவை சாகவில்லை! தந்திகளுக்கு மிக அண்மையில் உயர்த்தப்பட்டிருந்தமையால், காந்தங்கள் தந்திகளை இழுத்துச் சுரத்தைக் குலைத்தன, அவ்வளவே. திருகாணியால் தாழ்த்தியதும் குரல் தெளிந்தது. துருவேறிய தந்திகளை மாற்றி, திருகுகளைத் துப்புரவு செய்ததும் கரகரப்பும் அகன்றது.

மூன்றாவதில் மட்டும் அசைவேயில்லை. கடற்காற்றின் உப்போ, காலத்தின் கோலமோ, உள்ளே கம்பி அறுந்திருந்தது. அந்த ஒன்றுக்கே புதியது வாங்கினான். பழையவற்றோடு ஒத்த வலிமையுடையது. ஆயினும் காந்தங்கள் சம உயரமானவை. பற்றாசு வைத்துப் பூட்டியபோது மின்திசை மாறியிருக்கக் கண்டு, இரு கம்பிகளையும் இடம்மாற்றினோம்.

சேமிப்பிற் பெரும்பகுதி மிஞ்சியது. அறுந்த பிக்கப்பை அவன் எறியவில்லை. மீண்டும் கம்பி சுற்றுவிக்கலாம் என்றறிந்து, பாட்டனாரின் பெயரெழுதி ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்துக்கொண்டான்.

அன்றிரவு அவன் வீட்டில் கிற்றார் ஒலித்தது. சமையலறையிலிருந்து அவனுடைய பாட்டியார் கூடத்துக்கு வந்து சிறிது நேரம் நின்றார். "சத்தத்தைக் கொஞ்சம் குறை, ராசா. உன் தாத்தாவும் இப்படித்தான், சொன்னாற் கேட்கமாட்டார்" என்றார்.

அவன் குறைக்கவில்லை. பாட்டியாரும் உள்ளே போகவில்லை.