மலையக அடுப்படி - 9: பந்தலில் தொங்கும் சலாது

சலாது என்றதும் நுவரெலியாக் கரட்டும் சலாது இலையும்தான் பலருக்கு நினைவு வரும். வட்டவளைக்கு அது சரிப்படாது. ஹட்டனுக்குக் கீழே மேற்குச் சரிவில் கிடக்கும் இந்த ஊரில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டுகிறது. மே தொடங்கினால் செப்டெம்பர் வரை விட்டபாடில்லை. சலாது இலை நட்டால் பாத்தியிலேயே அழுகும். கடையில் வாங்கலாமென்றால் விலை கடிக்கிறது. 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2000 ரூபாவைத் தொட்டது. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. நம் மாவட்டத்து மண்ணில் விளைந்த கரட்டுக்கு இரண்டு நாள் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது!

லயத்துக்குப் பின்னால் பந்தலில் மேரக்காய் தொங்குகிறதே, அதைப் பாருங்கள். மெக்சிகோப் பக்கத்துக் கொடி. நம் ஈரமும் குளிரும் அதற்கு ஒத்துப்போய்விட்டன. நாமோ கறி, கூட்டு, பருப்பு என்று அதை வேகவைத்தே தீர்க்கிறோம். பிஞ்சைப் பச்சையாகவே தின்னலாம்.

நகம் பட்டால் தோல் கீறும் காயாக எடுங்கள். தண்ணீருக்குள் பிடித்துச் சீவினால் பிசின் கையில் ஒட்டாது. தீக்குச்சிப் பருமனில் அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, இடித்த மாசி, மிளகுத்தூள் சேருங்கள். தேசிக்காயைத் தாராளமாகப் பிழியலாம். உப்பு மட்டும் சாப்பிட உட்காரும்போதுதான். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். மாசி வேண்டாதவர்கள் வறுத்த கச்சானை ஒன்றிரண்டாக இடித்துப் போடலாம். எனக்கு அதுதான் கூடுதல் ருசி. சுடச்சுட ரொட்டியோடு தின்றால் வேறு கறி தேடமாட்டீர்கள். நோக்கோலின் இளம் இலையையும் எறியாமல் நூலாக அரிந்து, வல்லாரைச் சம்பல் போலவே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. மழை நாளில் இலைக்குள் நத்தைக்குஞ்சு ஒளிந்திருக்கும். ஒவ்வொரு இலையாகப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகத் தின்னும் எதையும் பீலித் தண்ணீரில் கழுவியதோடு விடாமல், கடைசியாகக் கொதித்தாறிய நீரில் அலசுங்கள்.

இனித் தேத்தண்ணி. சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்காதவர் மலையகத்தில் யார்? பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலையின் பொலிபீனோல்கள் தடுக்கின்றன. தேசிக்காயின் விற்றமின் சி அதைச் சேரவைக்கிறது. வேகவைத்தால் இந்த விற்றமினில் கணிசமான பங்கு போய்விடும். பச்சைச் சம்பலில் அப்படியே இருக்கும். இரத்தசோகையால் வாடும் நம் பெண்களுக்கு இது சின்ன விசயமல்ல. பருப்போடு இந்தச் சம்பலைத் தின்றுவிட்டுத் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். மலைக்குப் போகும் நாளில் அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது, தெரியும். லீவு நாளிலாவது செய்யுங்கள்.

மேரக்காய்க் கொழுந்தையும் கிழங்கையும்கூடத் தின்னலாம். அடுத்த வாரம் அதைச் சமைப்போம். அதுவரை யாரும் கொடியை வெட்டிவிடாதீர்கள்.