மறுசேர்க்கை மனிதப் புரதங்கள்

மறுசேர்க்கை மனிதப் புரதம் என்பது, மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியா, ஈஸ்ட் அல்லது வேறு உயிரியின் செல்லுக்குள் புகுத்தி, அந்தச் செல்லைக் கொண்டே செய்விக்கப்படும் புரதமாகும். மருந்தாகப் பயன்படும் இன்சுலின் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. ஆய்வகங்களிலும் இத்தகைய புரதங்கள் நாள்தோறும் தேவைப்படுகின்றன.

"மனிதப் புரதம் என்றால் மனிதரிடமிருந்து எடுப்பதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். வளர்ச்சி ஹார்மோன் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதைப் பெற்ற சிலருக்கு மூளையைச் சிதைக்கும் கிராய்ட்ஸ்பெல்ட்-யாகோப் நோய் வந்ததால், 1985இல் அமெரிக்காவில் அதன் வழங்கல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மறுசேர்க்கை முறையில் செய்த ஹார்மோன் அங்கே அனுமதி பெற்றது. இயற்கை ஹார்மோனில் 191 அமினோ அமிலங்கள், புதியதில் 192. பாக்டீரியா தன் வழக்கப்படி தொடக்கத்தில் சேர்க்கும் மெத்தியோனின் நீங்காமல் தங்கிவிட்டதே காரணம். செய்யும் செல்லின் கைவரிசை பொருளில் தெரியும் என்பதற்கு இது நல்ல சான்று.

செய்முறை

வேண்டிய மரபணுவின் படியைப் பிளாஸ்மிட் என்னும் வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டிச் செல்லுக்குள் செலுத்துகிறார்கள். செல் பெருகும்போது புரதமும் உண்டாகிறது. பிறகு செல்லை உடைத்துப் புரதத்தைப் பிரிக்க வேண்டும். இதற்காகப் புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களை வால்போல் சேர்ப்பது பரவலான உத்தி. அந்த வால் நிக்கல் அயனிகளைப் பற்றிக்கொள்ளும், மற்றவை வழிந்தோடிவிடும்.

எந்தச் செல்?

ஈ.கோலை பாக்டீரியா மலிவானது, வேகமானது. ஆனால் எல்லாம் அதனால் முடியாது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினில் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பாலூட்டிச் செல்களில்தான் செய்கிறார்கள். இன்சுலினுக்குச் சர்க்கரைச் சங்கிலி தேவையில்லை என்பதால் ஈ.கோலையும் போதும், ஈஸ்ட்டும் போதும். பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2004இல் வெளியிட்ட மனித இன்சுலின் பிக்கியா என்னும் ஈஸ்ட்டில் செய்யப்பட்டது.

கொலாஜன் இன்னும் சிக்கலானது. அது மூன்று இழைகள் முறுக்கிய வடிவம் கொண்டது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954இல் முன்மொழிந்தார்கள். அவர்கள் காலத்தில் கொலாஜன் விலங்குத் திசுவிலிருந்தே கிடைத்தது. மரபணுவைத் தந்துவிட்டால் பாக்டீரியா கொலாஜன் இழையைச் செய்துவிடும். ஆனால் இழையில் உள்ள புரோலின்கள் பலவற்றில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கும் நொதி அதனிடம் இல்லை. அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் நம் உடல் வெப்பத்தில் முறுக்கு நிற்காது. (அந்த நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். ஸ்கர்வி நோயில் ஈறு தளர்வதும் இதனால்தான்.) எனவே மனித நொதியின் மரபணுக்களையும் சேர்த்து ஈஸ்ட்டுக்குள் புகுத்தி இக்குறையைத் தீர்த்தார்கள்.

மறைந்து வரும் அகநச்சு

ஈ.கோலையின் வெளிச்சவ்வில் அகநச்சு என்னும் எண்டோடாக்சின் உண்டு. செல்லை உடைக்கும்போது அது புரதத்தோடு கலந்துவிடும். இம்மியளவே இருந்தாலும் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை உணர்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கும். ஆய்வாளரோ அது புரதத்தின் வேலை என்று நினைக்கலாம்.

இப்படித்தான் நடந்தது. மனித வெப்ப அதிர்ச்சிப் புரதம் 70, விழுங்குசெல்களை டி.என்.எஃப் என்னும் அழற்சிப் பொருளைச் சுரக்கத் தூண்டுகிறது என்று பல ஆய்வுகள் கூறின. எச்சரிக்கையாக, கரைசலைக் கொதிக்கவைத்தும் பார்த்திருந்தார்கள். கொதித்தால் புரதம் சிதையும், அகநச்சு தாங்கும் என்பது பாடம். கொதித்ததும் விளைவு மறைந்தது. ஆகவே புரதமே காரணம் என்றார்கள். 2003இல் காவ், சான் என்ற இருவர் மிகத் தூய்மையாக்கிய அதே புரதத்தைச் சோதித்தபோது செல்கள் அசையவே இல்லை. குறைந்த அளவில் இருக்கும்போது அகநச்சும் வெப்பத்தில் வலுவிழக்கிறது என்பதையும் காட்டினார்கள். நல்ல சோதனை என்று நம்பியதே வழிதவறச் செய்திருந்தது! அகநச்சைப் பற்றிக்கொள்ளும் பாலிமிக்சின் பி சேர்த்துப் பார்ப்பது, அகநச்சின் அளவை நேரடியாக அளப்பது, வேறு வகைச் செல்லில் செய்த அதே புரதத்தோடு ஒப்பிடுவது ஆகியவை கூடுதல் காவல்கள்.

ஆகவே புரதம் வாங்கும் ஆய்வகங்கள் எந்தச் செல்லில் செய்தது, வால் உண்டா, தூய்மை எவ்வளவு, அகநச்சு எவ்வளவு என்பதைச் சிட்டையில் பார்க்கின்றன. "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்றிருந்தால் அதை மனிதருக்கோ விலங்குக்கோ மருந்தாகத் தரக்கூடாது. கரைத்த புரதத்தைச் சிறுசிறு பங்காகப் பிரித்து உறையவைப்பது வழக்கம். ஒரே குப்பியைப் பலமுறை உருக்கி உறையவைத்தால் புரதம் திரண்டு செயலிழக்கும்.