கூடிப் பேசிய வணிகர்கள்: அமெரிக்கக் கறுப்பின வணிக மாநாடுகள் கற்பிப்பன

1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23, 24 ஆகிய நாள்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு மாநாடு கூடியது. மளிகைக் கடை வைத்திருந்தோர், முடிதிருத்தும் நிலையம் நடத்தியோர், மருந்து விற்போர், தையற்காரர், உழவர், ஈமச் சடங்குப் பொருள் வழங்குவோர் எனப் பலதிறத்தாரும் அத்தகைய கூட்டங்களுக்கு வந்தனர். அனைவரும் கறுப்பின மக்கள். அந்நாட்டில் அடிமை முறை ஒழிந்து அப்போது 35 ஆண்டுகளே கடந்திருந்தன. நடுவயதை எட்டியோருள் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள். கூட்டத்தைக் கூட்டிய புக்கர் டி. வாஷிங்டனும் 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவரே. டஸ்கீகி என்னும் ஊரில் 1881இல் தொடங்கப்பெற்ற கல்வி நிறுவனத்தை வளர்த்தெடுத்த பெருமை அவருக்குரியது.

அம்மாநாட்டில் தோன்றிய அமைப்பு ‘தேசிய நீக்ரோ வணிகச் சங்கம்’ எனப் பெயர் பெற்றது. ‘நீக்ரோ’ என்னும் சொல் அக்காலத்தில் அம்மக்களே தம்மைக் குறிக்க வழங்கியது. இன்று மதிப்பான சொல்லாகக் கருதப்படுவதில்லை. எனவே பெயரின் பகுதியாக மட்டுமே அதனை ஈண்டு ஆள்கிறோம். அச்சங்கமும் அதன் வழிவந்தோரும் நடத்திய கூட்டங்களை, நடத்தியவர் நோக்கிலும் சென்று அமர்ந்தவர் நோக்கிலும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட வேண்டிய தேவை

வணிகம் செய்வதற்குக் கூட்டம் எதற்கு? கடையைத் திறந்து வைத்தால் போதாதா? இவ்வினா இயல்பானது. தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்து வரும் குடும்பத்துப் பிள்ளை, கல்லாப்பெட்டியின் அருகில் அமர்ந்தே தொழிலைக் கற்றுக்கொள்கிறான். கடன் யாருக்குக் கொடுக்கலாம், சரக்கை எப்போது வாங்கலாம் என்பனவெல்லாம் பாட்டனாரிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் வருவன. அடிமையின் மகனுக்கு அத்தகைய தந்தை இல்லை.

இதனோடு மற்றோர் இடரும் சேர்ந்திருந்தது. விடுதலை பெற்ற மக்கள் தம் சிறுசேமிப்பைப் போட்டு வைப்பதற்காக 1865இல் ஒரு சேமிப்பு வங்கி நிறுவப்பெற்றது. அதன் அறங்காவலர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் வைப்புப் பணத்தைத் தகாத கடன்களில் இறைத்தனர். 1874இல் வங்கி மூழ்கும் தறுவாயில், கறுப்பின மக்களின் பெருந்தலைவரான பிரெடரிக் டக்ளஸ் அதன் தலைவராக அமர்த்தப்பெற்றார்; தம் சொந்தப் பணத்தில் பத்தாயிரம் டாலரையும் அவர் அதில் இட்டார். பயனில்லை. சில திங்களுக்குள் வங்கி மூடப்பட்டது. அறுபதாயிரத்திற்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ முப்பது இலட்சம் டாலர் முடங்கிப் போயிற்று. பணம் போனதைவிட நம்பிக்கை போனதே பேரிழப்பு என்பர். சேமிப்பு, வங்கி, பங்கு ஆகிய சொற்களையே ஐயத்துடன் நோக்கும் ஒரு தலைமுறை உருவாயிற்று. அத்தலைமுறைக்கு, தம்மைப் போன்ற ஒருவர் எழுந்து நின்று ‘நான் இவ்வளவு முதல் இட்டேன், இவ்வளவு ஈட்டினேன்’ என்று சொல்லக் கேட்பது பெருந்துணையாயிற்று.

எண்ணியவரும் நடத்தியவரும்

இவ்வெண்ணம் முதலில் வாஷிங்டனுக்குத் தோன்றியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1899இல் அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மக்களின் வணிகம் பற்றி ஓர் ஆய்வு மாநாட்டை அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் நடத்தினார். ஊர்தோறும் வணிகர் சங்கங்கள் அமைய வேண்டும் என்னும் கருத்து அங்கே எழுந்தது. மறு ஆண்டே வாஷிங்டன் அதனைச் செயற்படுத்தினார். பிறர் கருத்தை எடுத்துக்கொண்டார் என்ற குறை அன்றே எழுந்தது. இதழாசிரியரும் போராளியுமான ஐடா பி. வெல்ஸ் அம்மையார் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். ஆய்வு செய்த டூபாய்ஸிடம் புள்ளிவிவரம் இருந்தது. வாஷிங்டனிடம் ஆள்பலமும், ஆண்ட்ரூ கார்னகி போன்ற செல்வர்களின் ஆதரவும் இருந்தன. கூட்டம் நடத்துவதற்குப் பின்னது தேவைப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும் முன்னவர் பெயரை மேடையில் ஒருமுறை சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. நம் ஊர்களில் விழா நடத்துவோர்க்கும் இது புரியாத செய்தியன்று.

மேடையில் நிகழ்ந்தது

சங்கத்தின் ஆண்டு மாநாடு சிகாகோ, ரிச்மண்ட், நாஷ்வில் என ஆண்டுதோறும் ஊர் மாறிக் கூடியது. 1915இல் வாஷிங்டன் மறைந்தபோது கிளைகள் 600க்கு மேல் இருந்தன. வங்கியாளர், ஈமச்சடங்குத் தொழிலர், இதழாளர், வழக்குரைஞர் ஆகியோரின் தனித்தனிச் சங்கங்களும் இதனையொட்டியே கிளைத்தன.

மாநாட்டின் நடைமுறை எளியது. பெரும்பேச்சாளரை அழைத்து நெடுநேரம் பேச வைப்பதற்கு மாறாக, தொழில் செய்பவரையே எழுப்பி அவர் கதையைச் சொல்லச் செய்தனர். எங்கே தொடங்கினீர், கையில் எவ்வளவு இருந்தது, இப்போது எத்தனை பேர் உம்மிடம் வேலை செய்கின்றனர் என்று தலைவர் இடைமறித்து வினவுவார். பேசியவை சுருக்கெழுத்தில் பதிவு செய்யப்பெற்று நூலாக அச்சாயின. வர இயலாத சிற்றூர்க் கடைக்காரரும் அதனைப் படிக்கலாம். கூட்டம் முடிந்ததும் பந்தலோடு எல்லாம் கலைந்துவிடும் வழக்கத்தை அறிந்த நமக்கு இவ்வச்சுப் பணியின் அருமை விளங்கும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. அவ்வறிக்கைகளில் வெற்றிக் கதைகளே மிகுதி. கடையை இழந்தவர், கடனில் மூழ்கியவர் மேடையேறிப் பேசியிருப்பின் கேட்டவர்க்கு இன்னும் பயன் விளைந்திருக்கும் என்பது எம் கருத்து. அன்றியும், அரசியல் குறைபாடுகளையும் இனக்கொடுமைகளையும் பேசுவதற்கு இது இடமன்று என்று வாஷிங்டன் வரையறுத்திருந்தார். வணிகர் அச்சமின்றிக் கூட அவ்வரையறை உதவியிருக்கலாம். ஆனால் பேசாது விடப்பட்ட அப்பொருளே பின்னர்க் கடைத்தெருக்களை எரித்தது.

பேச அழைக்கப்படாத பெண்

1912ஆம் ஆண்டுச் சிகாகோ மாநாட்டில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் காண்போம். மேடம் சி. ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்த அம்மையாரின் இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867இல் லூசியானா மாநிலத்தில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோர்க்குப் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார், பதினான்கில் மணம், இருபதில் கைம்மை. மகளை வளர்க்க செயின்ட் லூயிஸ் நகரில் பல்லாண்டு துணி வெளுத்தார். நாளொன்றுக்கு ஒரு டாலரைச் சிறிதே கடந்த கூலி. பின்னர்க் கூந்தல் வளர்ச்சிக்கான களிம்பு ஒன்றை விற்கத் தொடங்கி, 1910இல் இண்டியானாபோலிஸ் நகரில் தம் தொழிலை நிலைநிறுத்தினார். அந்நகரில் கறுப்பின இளைஞர்க்கான மன்றக் கட்டடத்திற்கு ஆயிரம் டாலர் நன்கொடை அறிவித்துப் பெயர் பெற்றார்.

இத்தகையவர் சிகாகோ மாநாட்டில் பேச விரும்பினார். கூந்தல் ஒப்பனைத் தொழில்மீது வாஷிங்டனுக்கு நல்லெண்ணம் இல்லை. வெள்ளையரைப் போலத் தோன்ற முயலும் செயல் என்று அதனை அவர் கருதினார். ‘ஃப்ரீமன்’ இதழின் வெளியீட்டாளர் ஜார்ஜ் நாக்ஸ் எழுந்து, இவ்வம்மையாரைப் பேச விடுக என வேண்டினார். தலைவர் செவிசாய்க்கவில்லை. இறுதி நாளில் அம்மையார் தம் இருக்கையிலிருந்து தாமே எழுந்தார். என் முகத்திற்கு எதிரே கதவைச் சாத்திவிடுவீர்களா என்னும் பொருள்படக் கேட்டுவிட்டு, பருத்திக் காட்டிலிருந்து வெளுக்கும் தொட்டிக்கும், அங்கிருந்து அடுக்களைக்கும், அதிலிருந்து தம் சொந்தத் தொழிலுக்கும் தாம் உயர்ந்த வரலாற்றைக் கூறினார். தம் சொந்த நிலத்தில் தாமே எழுப்பிய தொழிற்சாலை 38 அடிக்கு 208 அடி என்று அளவையும் சொன்னார். பிறர் இழிவாகப் பேசும் தொழில் என்பதை மறைக்கவுமில்லை. மறு ஆண்டு பிலடெல்பியா மாநாட்டில் அவர் பெயர் நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சியை ஒரு பெண்ணின் துணிவு என்று மட்டும் கூறி முடிப்பது பொருந்தாது. நடத்துபவரின் விருப்பு வெறுப்பே யார் பேசலாம் என்பதை முடிவு செய்யுமாயின், அவையில் அமர்ந்திருப்போர் எதை இழக்கின்றனர் என்பதை இது காட்டுகிறது. பெரும்பொருள் ஈட்டி, பல பெண்களுக்குத் தொழில் கற்பித்த ஒருவரின் அனுபவம், தலைவர்க்குப் பிடிக்காத ஒரே காரணத்தால் கேட்கப்படாமலே போயிருக்கும். நாக்ஸ் போல, தமக்கென ஒன்றும் வேண்டாது பிறர்க்காக எழுந்து கேட்ட ஒருவர் அங்கே இருந்ததும் கருதத்தக்கது. அவர் முயற்சி அப்போது தோற்றது என்பது வேறு.

1917 ஆகஸ்டு இறுதியில் வாக்கர் அம்மையார் பிலடெல்பியாவில் தம் விற்பனை முகவர்களான பெண்களுக்கென ஒரு மாநாடு கூட்டினார். இருநூறு பேர் அளவில் வந்தனர். மிகுதியாக விற்றவர்க்குப் பரிசு கொடுத்ததோடு, தம் ஊரில் அறப்பணிக்கு மிகுதியாக ஈந்தவர்க்கும் பரிசு கொடுத்தார். அவ்வாண்டு ஜூலையில் கிழக்குச் செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் பலர் வெறிக்கும்பலால் கொல்லப்பட்டிருந்தனர். ஆகஸ்டு முதல் நாள் அம்மையார் உள்ளிட்ட குழு ஒன்று வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது குடியரசுத் தலைவர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை. எனவே அவர் கூட்டிய மாநாடு, கும்பற்கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென வில்சனுக்குத் தந்தி அனுப்பியது. வாஷிங்டன் மேடையில் விலக்கிய பொருள், களிம்பு விற்கும் பெண்களின் மேடையில் இடம்பெற்றது.

வழியும் தங்கும் இடமும்

இன்று மாநாட்டுக்குச் செல்வோர் தொடர்வண்டிச் சீட்டும் விடுதி அறையும் பதிவு செய்துவிட்டுப் புறப்படுகின்றனர். அன்றைய தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனிப்பெட்டியில்தான் ஏற வேண்டும். பெரும்பாலான விடுதிகள் அவர்களை ஏற்கா. ஆகவே ஊரில் உள்ள குடும்பங்களே தம் வீடுகளைத் திறந்துவிட்டன. திண்ணையிலும் உணவு மேசையிலும் நிகழ்ந்த உரையாடல் எந்த அறிக்கையிலும் அச்சேறவில்லை. மேடையில் சொல்லக் கூசும் தோல்விகள் அங்கே சொல்லப்பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு. விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் அஞ்சல் ஊழியர் 1936 முதல் வெளியிட்ட பயண வழிகாட்டி நூலும் இத்தேவையிலிருந்தே பிறந்தது. கறுப்பினத்தாரை ஏற்கும் விடுதிகளும் உணவகங்களும் அதில் பட்டியலிடப்பெற்றன.

எரிந்த ஊரில் ஒரு மாநாடு

ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் கிரீன்வுட் பகுதி, கறுப்பின வணிகத்தின் செழிப்புக்குப் பெயர் பெற்றிருந்தது. 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரு நாள்களில் வெள்ளையர் கும்பல் அதனைத் தாக்கி 35 தெருக்கட்டுகள் வரை எரித்து அழித்தது. இறந்தோர் 300 வரை இருக்கலாம் என வரலாற்றாசிரியர் கணிப்பர். கலகம் என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தர மறுத்தன. மீண்டும் கட்டுவதைத் தடுக்கும் வகையில் நகராட்சி தீத்தடுப்பு விதி ஒன்றை இயற்ற, பி. சி. ஃபிராங்க்ளின் என்னும் வழக்குரைஞர் கூடாரத்தில் அலுவலகம் அமைத்து வழக்காடி அதனை முறியடித்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1925இல், தேசிய நீக்ரோ வணிகச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டை டல்சாவிலேயே கூட்டியது. பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் மீண்டும் எழுந்த செங்கல் கட்டடங்களிடையே நடந்தனர். கூட்டம் எங்கே கூடுகிறது என்பதே ஒரு செய்தியாவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

கேட்டுச் சென்றவர் செய்தவை

1928இல் சங்கத்தின் செயலாளர் ஆல்பன் ஹோல்சி, சிறு மளிகைக் கடைக்காரர் ஒன்றுசேர்ந்து மொத்தமாகச் சரக்கு வாங்கும் திட்டத்தை அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் தொடங்கினார். பின்னர் நியூயார்க்கின் ஹார்லம் பகுதிக்கும் அது பரவியது. திட்டம் நன்றே, ஆயின் காலம் பொருளியற் பெருமந்தத்தின் காலம். பெரிய சங்கிலிக் கடைகளின் விலைக்கு இவர்களால் இறங்க முடியவில்லை. 1930களின் நடுப்பகுதிக்குள் அது நொடிந்துவிட்டது.

எனினும் ஹோல்சியின் பேச்சு வேறோரிடத்தில் முளைத்தது. டெட்ராய்ட் நகரில் அதனைக் கேட்ட ஃபேனி பெக் அம்மையார், 1930 ஜூனில் ஐம்பது பெண்களைக் கூட்டி இல்லத்தரசியர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். குடும்பச் செலவைச் செய்பவர் பெண்கள். அச்செலவு யார் கடையில் நிகழ வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம் என்பது அவர் கொள்கை. தெருத்தெருவாகச் சென்று கறுப்பினக் கடைகளை ஆதரிக்குமாறு கேட்டனர். கடைக்காரரிடம் தூய்மையும் நியாய விலையும் வேண்டுமென்றும் வற்புறுத்தினர். சில ஆண்டுகளில் உறுப்பினர் பத்தாயிரம் அளவிற்குப் பெருகினர். பேசியவரின் திட்டம் தோற்றது; கேட்டவரின் திட்டம் வென்றது. பங்கேற்றோர் தொகையைக் கொண்டு மட்டும் ஒரு கூட்டத்தை அளப்போர் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் கூட்டத்தின் வடிவம் மாறிற்று. 1969இல் ஜெஸ்ஸி ஜாக்சன் தலைமையிலான ‘ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட்’ இயக்கம் சிகாகோவில் ‘பிளாக் எக்ஸ்போ’ என்னும் கண்காட்சியை நடத்தியது. வணிகர் வணிகரோடு பேசிய நிலை மாறி, வாங்குவோரும் இசை கேட்போரும் குடும்பத்தோடு வந்து குவிந்தனர். அதனைக் காணச் சென்ற இண்டியானாபோலிஸ் நகரத்தார் சிலர், ஊர் திரும்பியதும் தமக்கென ஒன்றை அமைத்து 1971இல் முதற்கண்காட்சியை நடத்தினர். அறுபத்தோராண்டுகளுக்கு முன் வாக்கர் அம்மையார் தம் தொழிலைக் கொண்டுவந்து நிறுத்திய நகரம் அதுவே.