மாதவிடாயும் வலிப்பும்: ஒரு குறிப்பு

"மாசாமாசம் அந்த நாள் நெருங்கும்போதுதான் ஃபிட்ஸ் வருது" என்று ஒரு பெண் சொன்னால், பிரமை என்று தள்ளிவிடாதீர்கள். காரணம் இருக்கு. புரொஜெஸ்டிரோனிலிருந்து உடல் உண்டாக்கும் அலோபிரெக்னனலோன் மூளை செல்களை அமைதிப்படுத்தும். ஈஸ்ட்ரோஜன் பொதுவாகத் தூண்டிவிடும். மாதவிடாய்க்கு முன் புரொஜெஸ்டிரோன் மளமளவென்று இறங்குது. பிரேக் கழண்ட மாதிரி.

அப்போ அந்த ஹார்மோனையே கொடுத்தா? அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஹெர்சாக் குழு, மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 294 பெண்களிடம் இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டது. வழக்கமான மருந்தோடு, சுழற்சியின் 14ஆம் நாளிலிருந்து 28 வரை புரொஜெஸ்டிரோன். மொத்தக் கணக்கில் வெற்று மாத்திரையைவிட மேல் என்று சொல்ல முடியல. ஆனா மாதவிடாயை ஒட்டி வலிப்பு மூணு மடங்காவது கூடுகிறவர்களுக்குப் பலன் தெரிந்தது. இது துணைப் பகுப்பாய்வில் வந்த முடிவு. இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கக் கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: நீங்க எந்த வகைன்னு ஸ்கேன் சொல்லாது, காலண்டர்தான் சொல்லும். மாதவிடாய் நாளையும் வலிப்பு வந்த நாளையும் மூணு மாசம் குறிச்சு, நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்க. நீங்களா ஹார்மோன் வாங்கிப் போடாதீங்க. போடுற மாத்திரையையும் நிறுத்தாதீங்க.