ஒரே பெயரில் பதினொரு மன்னர்கள்: யார் இந்த ராமேசஸ்?

ராமேசஸ் என்றதும் நம்மவர்களுக்கு ராமனும் ராமேஸ்வரமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை. பழைய எகிப்து மொழியில் 'ரா' என்பது சூரியக் கடவுள். 'ரா ஈன்றவன்' என்பதே அந்தப் பெயரின் பொருள்.

எகிப்தின் 19, 20-ஆம் அரச வம்சங்களில் பதினொரு மன்னர்கள் இப்பெயரோடு ஆண்டார்கள். முதலாம் ராமேசஸ் அரச குடும்பத்தில் பிறந்தவரே அல்லர், படைத்தலைவராக இருந்தவர். பிள்ளையில்லாத மன்னர் ஹோரெம்ஹெப் அவரைத் தமக்கு வாரிசாக்கினார். சுமார் இரண்டே ஆண்டுகளில் அவர் காலம் முடிந்தது. பெயருக்குப் புகழ் தேடித் தந்தவர் அவருடைய பேரன் இரண்டாம் ராமேசஸ். 66 ஆண்டுகள் ஆண்டார். அபு சிம்பல் கோயிலை மலையைக் குடைந்து எழுப்பினார். ஹிட்டைட் அரசோடு போரிட்டு, பின்னர் சமாதான உடன்படிக்கையும் செய்துகொண்டார்.

அதன்பின் வந்தவர்களுக்கு அந்தப் பெயரே மூலதனமாகிவிட்டது. மூன்றாம் ராமேசஸ் தம் பிள்ளைகளுக்குக்கூட இரண்டாம் ராமேசஸின் பிள்ளைகளின் பெயர்களையே வைத்தார். 'இரண்டாம்', 'மூன்றாம்' என்ற எண்கள் இன்றைய ஆய்வாளர்கள் போட்டவை. எகிப்தியர்களோ, முடிசூடும்போது சூட்டும் இன்னொரு பெயரைக் கொண்டே இவர் யார், அவர் யார் என்று அடையாளம் கண்டார்கள்.

ஆனால் பெயர் வயிற்றை நிரப்பாது. மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைச் செதுக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி வரவில்லை. அக்காலத்தில் கூலி என்பது காசு அல்ல, கோதுமையும் வாற்கோதுமையும்தான். பசி பொறுக்காமல் வேலையைப் போட்டுவிட்டு வந்து கோயில் வளாகங்களில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் உட்கார்ந்த இடங்களில் ஒன்று இரண்டாம் ராமேசஸின் நினைவுக் கோயில்! உடுத்தத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று முறையிட்டார்கள். அதிகாரிகள் சமாதானம் பேசினார்கள், கொஞ்சம் தானியம் வந்தது; மறுபடியும் நின்றது, மறுபடியும் வேலைநிறுத்தம். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான். அதைக் குறித்து வைத்த பாப்பிரஸ் ஏடு இன்று இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர் வெற்றிகளைக் கோயில் சுவர் முழுக்கச் செதுக்க வைத்தவர் அந்த மன்னர். எனக்கு என்னவோ அந்தச் சுவர்களைவிட இந்த ஏடுதான் பெரிதாகத் தெரிகிறது.

அவரது முடிவும் நல்லதாக இல்லை. அரண்மனைப் பெண்களில் ஒருவர் தம் மகனை அரியணை ஏற்றச் சதி செய்தார். 2012-இல் வெளியான ஆய்வில், மன்னரின் மம்மியை ஊடுகதிர் எடுத்துப் பார்த்தபோது தொண்டை ஆழமாக அறுக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

அடுத்து வந்த எட்டு ராமேசஸ்களின் காலத்தில் பேரரசு தேய்ந்தது; கல்லறைகள் கொள்ளை போயின. பதினோராம் ராமேசஸின் கல்லறை வேலை முடியாமலே நின்றது. பிற்காலப் பூசாரிகள் பல அரச உடல்களை எடுத்துப் பாதுகாப்பான இடங்களில் மறைத்து வைத்தார்கள். அப்படித் தப்பியவர்களில் இரண்டாம் ராமேசஸும் ஒருவர். 2021 ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு, கெய்ரோ வீதிகளில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகப் புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களில் ஆறு பேரின் பெயர் ராமேசஸ்.