கோட்டைத் தாண்டிய பந்தும் தீர்ப்பின் அதிகாரமும்

2024 ஜூன் 11, தோஹா. உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியாவும் கத்தாரும் மோதின. 37ஆம் நிமிடத்தில் லாலியன்ஸுவாலா சாங்தே போட்ட கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. அப்படியே ஆட்டம் முடிந்திருந்தால் ஆசியத் தகுதியாட்டத்தின் மூன்றாம் சுற்றுக்கு இந்தியா முதன்முறையாகப் போயிருக்கும். 73ஆம் நிமிடத்தில் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து அவரைத் தாண்டி, கம்பத்துக்கு வெளிப்புறமாகக் கடைக்கோட்டைக் கடந்து உருண்டது. கத்தாரின் ஹாஷ்மி ஹுசைன் அதைக் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் வலைக்குள் தள்ளினார். பந்து வெளியே போயாச்சு என்று இந்திய ஆட்டக்காரர்கள் நின்றுவிட்டிருந்தார்கள். தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங் கோல் என்றார். 85ஆம் நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல் போட்டது. 2-1. அவ்வளவுதான், இந்தியாவின் கதை முடிந்தது.

இதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன், 2022 டிசம்பர் 1 அன்று, அதே நகரத்தின் இன்னொரு மைதானத்தில் உலகக்கோப்பை ஆட்டம்: ஜப்பானும் ஸ்பெயினும். 51ஆம் நிமிடத்தில் கவோரு மிதோமா கடைக்கோட்டிலிருந்து திருப்பிவிட்ட பந்தை ஆவோ தனாகா கோலாக்கினார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பந்து வெளியே போனதாகத்தான் தெரிந்தது. ஆனால் காணொளி உதவி நடுவர்கள் கோட்டின் மீதிருந்த கேமராவைப் பார்த்து, பந்தின் வளைவில் ஒரு துளி இன்னும் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று கோலை அனுமதித்தார்கள். ஜப்பான் 2-1 என்று வென்றது. அந்த முடிவால் ஜெர்மனி போட்டியை விட்டே வெளியேறியது. மறுநாள் ஃபிஃபா அந்தப் படங்களை வெளியிட்டு விளக்கமும் தந்தது.

இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான்: தரையிலோ காற்றிலோ பந்து முழுவதுமாகக் கோட்டைக் கடந்தால்தான் அது வெளியே. ஓரிடத்தில் சில மில்லிமீட்டர் காப்பாற்றப்பட்டது. இன்னோரிடத்தில், வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்த ஒன்றைத் திரும்பப் பார்க்க ஆளில்லை. ஆசியத் தகுதியாட்டத்தின் இரண்டாம் சுற்றில் காணொளி நடுவர் முறை வைக்கப்படவில்லை. 2022இல் அந்த ஊரில் கூரைக்கு அடியில் 12 கேமராக்கள் ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவுசெய்தன. பந்துக்குள்ளிருந்த கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. 2024இல் அதே ஊரில் நடுவருக்குத் துணையாக இருந்தவை கொடியும் விசிலும்தான்.

நடுவரின் முக்கிய முடிவுகள் எவ்வளவு சரியாக இருக்கின்றன என்ற கேள்வியை, சதவீதக் கணக்காக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட முடியாது என்பதற்கு இந்த இரண்டு ஆட்டங்களே போதும். யாருக்கு இரண்டாவது பார்வை கிடைக்கிறது, எந்த முடிவு 'முக்கியம்' என்று வகைப்படுத்தப்படுகிறது, சரி என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பவையும் சேர்ந்ததுதான் அந்தச் சதவீதம்.

முதலில் வகைகளைப் பிரித்துக்கொள்வோம். கால்பந்து விதிநூலின் ஐந்தாம் விதி, ஆட்டத்தோடு தொடர்புடைய உண்மைகள் குறித்து நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்கிறது. அது கோல்தானா என்பதும் இதில் அடக்கம். ஆனால் நடுவர் ஒரே வகையான முடிவுகளை எடுப்பதில்லை. பந்து கோட்டைக் கடந்ததா என்பது அளவு சார்ந்தது. அந்த இடிப்பு ஃபவுலா, கையில் பட்டது குற்றமா என்பது மதிப்பீடு சார்ந்தது. முதலாவதுக்கு ஒரே விடைதான். இரண்டாவதுக்கு, தேர்ந்த நடுவர்கள் இருவர் உட்கார்ந்தாலே இரண்டு விடை வரலாம். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் கூட்டி 'இவர் இத்தனை சதவீதம் சரி' என்று சொல்வது, எழுத்துப்பிழைக்கும் உரைவேறுபாட்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுவது மாதிரி.

அளவு சார்ந்ததும் அவ்வளவு எளிதில்லை. ஆஃப்சைடையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துத் திருவக்கரைக் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலவரும் ஒரே நேர்கோட்டில் இல்லை, சற்று விலகியிருக்கின்றன என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். அந்த விலகலைப் பார்க்க வாசலுக்கு நேரே நிற்க வேண்டும்; பிராகாரத்தில் பக்கவாட்டில் நின்றால் தெரியாது. இரண்டு பொருள்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை அந்தக் கோட்டில் நிற்பவர்தான் சொல்ல முடியும். துணை நடுவருக்கும் இதே நிலைதான். கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு நேராக அவர் நிற்க வேண்டும். அந்த ஆளோ ஓடிக்கொண்டே இருக்கிறார். 2000இல் 'நேச்சர்' இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆஃப்சைடு தவறுகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதில்லை, துணை நடுவர் கோட்டைவிட்டுச் சற்று விலகி நிற்பதால் கண்ணில் விழும் கோணமே பிசகிவிடுகிறது என்று அதில் காட்டினார்கள். ஆட்டக்காரர் அருகில் ஓடுகிறாரா, எதிர்ப்பக்கம் ஓடுகிறாரா என்பதைப் பொறுத்து எந்த வகைத் தவறு வரும் என்பதையே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. ஆக, முடிவு தவறு என்பது வேறு, நடுவர் குற்றவாளி என்பது வேறு. நம்மூரில் இந்த இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. கொடி தப்பாக ஏறினால் அடுத்த கேள்வி, 'எவ்வளவு வாங்கினானோ?'

மதிப்பீடு சார்ந்தவற்றில் சிக்கல் இன்னும் கூடுகிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு மைதானத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்கு ஒலியே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு எதிராகக் குறைவான ஃபவுல்களையே சொன்னார்கள். காது கண்ணை மாற்றுகிறது. கேமராவும் அப்பாவி இல்லை. மெதுவாக ஓட்டிய படத்தில் எந்த இடிப்பும் வேண்டுமென்றே செய்தது போலத் தோன்றும். இதனால்தான் காணொளி நடுவர் முறைக்கான நெறியிலேயே, எங்கே பட்டது என்று பார்க்க மெதுவான படத்தையும், எவ்வளவு வேகமாகப் பட்டது என்று பார்க்க இயல்பு வேகத்தையும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைப் படம்பிடிக்கும் கருவிக்கும் வாசிப்பு முறை ஒன்று தேவைப்படுகிறது என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட இடம் இது.

இனி அளவுகோலுக்கு வருவோம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2022-23 பருவத்திலிருந்து ஐந்து பேர் குழு ஒன்றை வைத்து ஒவ்வொரு வாரமும் முக்கிய முடிவுகளை மதிப்பிடுகிறது. மூவர் முன்னாள் ஆட்டக்காரர்களோ பயிற்சியாளர்களோ. ஒருவர் லீக்கின் பிரதிநிதி. ஒருவர் நடுவர் அமைப்பின் பிரதிநிதி. காணொளி முறைக்கு முன்னால் 82 சதவீதமாக இருந்த சரியான முடிவுகள் 96 சதவீதமாகியிருக்கின்றன என்று 2024 பிப்ரவரியில் லீக் அறிவித்தது. நல்லதுதான். ஆனால் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். குழு வாக்களிக்கிறது; 3-2 என்று முடிந்தாலும் அது 'சரி' என்றே பதிவாகிறது. மேலும் ஒரே நிகழ்வுக்கு இரண்டு கேள்விகள்: களத்தில் எடுத்த முடிவு சரியா? காணொளி நடுவர் தலையிட்டது, அல்லது தலையிடாமல் விட்டது சரியா? 'தெளிவான, வெளிப்படையான தவறு' என்றால் மட்டுமே அவர் தலையிட வேண்டும் என்பது விதி. ஆகவே களத்து முடிவு தவறு, ஆனால் அதைத் திருத்தாமல் விட்டது சரி என்ற தீர்ப்பும் வருகிறது. தோற்ற அணியின் ரசிகனிடம் இதை விளக்கிப் பாருங்கள்!

2024-25 பருவம் வரையில் காணொளி முறை தொட்டது நான்கே வகை: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம். ஒரு கார்னர் தவறாகக் கொடுக்கப்பட்டு அதிலிருந்து கோல் விழுந்தால் அந்தக் கார்னர் 2024-25 பருவம் வரையிலும் கணக்கில் வராது. எதைக் கேள்விக்கு உட்படுத்தலாம் என்று முன்கூட்டியே வரையப்பட்ட கோட்டுக்குள்தான் 96 சதவீதமும் பிறக்கிறது.

கருவி சரியாகப் பார்த்தும் தீர்ப்பு தவறிய கதை ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 30, லண்டன். டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு என்று கொடி உயர்த்தினார். காணொளி நடுவர் கோடு போட்டுப் பார்த்தார். ஆஃப்சைடு இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னார். களத்திலிருந்தவரோ தன் ஆஃப்சைடு உறுதியானதாக எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார். சில நொடிகளில் தவறு தெரிந்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் விதிப்படி ஒன்றும் செய்ய இயலாது என்றார்கள். லிவர்பூல் 1-2 என்று தோற்றது. கேமரா, கோடு, கணிப்பு எல்லாம் சரி. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது, போச்சு. மொழியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனாலும் அங்கே மூன்று நாளில் நடுவர்களின் உரையாடல் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டது. தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை யாரும் கேட்க முடிந்தது.

நம் பக்கம் வருவோம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். நாக்அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே ஃப்ரீ கிக்கை அடித்துக் கோலாக்கினார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அனுமதித்தார். விசிலும் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டதாகச் சேத்ரி பின்னர் சொன்னார். ஃப்ரீ கிக்கை உடனே அடிக்க விதி இடம் தருகிறது. நடுவர் விசிலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும். ஆக, சர்ச்சை முழுவதும் நடுவருக்கும் ஆட்டக்காரர்களுக்கும் இடையே என்ன பேசப்பட்டது, என்ன சைகை காட்டப்பட்டது என்பதில் நிற்கிறது. இதை எந்தக் கேமராவும் தனியாகத் தீர்த்துவைக்காது. பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியை வெளியே அழைத்துக்கொண்டு போனார். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தது. வெளிநடப்புக்குத் தண்டனை, சரி. லிவர்பூல் விஷயத்தில் வெளியானதுபோல் களத்து உரையாடல் பொதுவில் வைக்கப்பட்டிருந்தால் மலையாள ரசிகரும் கன்னட ரசிகரும் ஒரே ஆதாரத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். அதுவே ஒரு முன்னேற்றம்தான்.

நம் சிற்றிதழ்ச் சூழலில் ஃபூக்கோவையும் தெரிதாவையும் கொஞ்சம் படித்தவர்கள் உடனே சொல்லக்கூடியது: 'எல்லாம் வாசிப்புதானே, சரியான தீர்ப்பு என்று ஒன்று உண்டா?' ஃபவுலுக்கு இது ஓரளவு பொருந்தும். தோஹாவில் உருண்ட பந்துக்குப் பொருந்தாது. அந்தப் பந்து வெளியே போனது. அதுவும் ஒரு பிரதிதான் என்று சொன்னால் லாபம் யாருக்கு? முடிவைத் தன் கையில் வைத்திருப்பவருக்குத்தான். அதிகாரம் இல்லாதவனிடம் மிச்சம் இருப்பது உண்மை மட்டுமே. அதையும் கருத்துவேறுபாடாகக் கரைத்துவிட்டால் அவன் எதைக் கொண்டுபோய் வாதாடுவான்?

அதே நேரம் உண்மை தெரிவது வேறு, உண்மை செல்லுபடியாவது வேறு. உண்மை அறியும் குழுக்களோடு கிராமங்களுக்குப் போய்வந்த நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாட்சி இருக்கும், படம் இருக்கும், அறிக்கை அச்சாகும்; ஏற்றுக்கொள்ளும் மன்றம்தான் இருக்காது. தோஹா ஆட்டத்துக்குப் பிறகு இந்தியக் கூட்டமைப்பு விசாரணை கேட்டுப் புகார் அனுப்பியது. உலகமே படத்தைப் பார்த்தது. 2-1 அப்படியே இருக்கிறது.

எனவே கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் பாதிக் கேள்விதான். கேட்க வேண்டியவை வேறு சில. ஒரே போட்டியின் எல்லாச் சுற்றுக்கும், பணக்கார நாடு ஏழை நாடு என்ற வேறுபாடில்லாமல், திரும்பப் பார்க்கும் வசதி உண்டா? அளவு சார்ந்த முடிவும் மதிப்பீடு சார்ந்த முடிவும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றனவா? மதிப்பிடும் குழு தன் காரணங்களையும், 3-2 என்று பிரிந்த வாக்குகளையும் வெளியிடுகிறதா? நடுவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அவர் குரலிலேயே கேட்க வழி இருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்ற பதில் கிடைக்கும் இடத்தில் 82 சதவீதம் வந்தாலும் அதை நம்பலாம். கிடைக்காத இடத்தில் 99 என்றாலும் அது சும்மா ஒரு விளம்பரம்.