மதுரை – தூத்துக்குடி: வான்தொலைவு எவ்வளவு, பயண நேரம் எவ்வளவு?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து மக்களுக்கு வடகிழக்கே மதுரை விமான நிலையமும், தென்கிழக்கே வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையமும் வான்பயணத்தின் இரு வாசல்களாக விளங்குகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மதுரை நிலையம் சுமார் 60 கிலோமீட்டரிலும், தூத்துக்குடி நிலையம் சுமார் 100 கிலோமீட்டரிலும் அமைந்துள்ளன. இவ்விரு நிலையங்களையும் இணைக்கும் நேரடி விமானம் ஏன் இல்லை என்பதற்கான விடை, வான்தொலைவும் பயண நேரமும் கணக்கிடப்படும் முறையிலேயே அடங்கியிருக்கிறது.

புவி உருண்டையானது என்பதால், அதன் மேற்பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோடே வான்தொலைவாகக் கொள்ளப்படுகிறது. இதனைப் பெருவட்டத் தொலைவு என்பர். மதுரை நிலையம் 9.83 பாகை வட அட்சத்திலும், தூத்துக்குடி நிலையம் 8.72 பாகை வட அட்சத்திலும் இருக்க, இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக்கோட்டில் அமைந்திருப்பதால் கணக்கு எளிதாகிறது. ஒரு பாகை அட்சம் என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எனவே 1.11 பாகை இடைவெளி சுமார் 67 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 123 கிலோமீட்டர் ஆகும்.

சிறு நிலையங்களுக்கு இயக்கப்படும் ஏடிஆர் 72 வகை விமானம் உயரத்தை எட்டியபின் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறக்கக்கூடியது என்பதால், 123 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் கடந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கால அட்டவணையில் குறிக்கப்படுவது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து சேருமிடத்தில் வந்து நிற்கும்வரையிலான முழு நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது ஆகியவை தொலைவு குறைவு என்பதற்காகக் குறைந்துவிடுவதில்லை. நேர்கோட்டில் ஏறத்தாழ 525 கிலோமீட்டர் தொலைவுள்ள சென்னை – தூத்துக்குடித் தடத்தில், ஒரு மணி நேரப் பறப்புக்கு அட்டவணை சுமார் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதற்கு இதுவே காரணம். இதே கூடுதலைச் சேர்த்தால் மதுரை – தூத்துக்குடிப் பயணம் 40 நிமிடத்துக்கு மேலாகும். ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டிய கட்டாயத்தையும், இருமுனைச் சாலைப் பயணத்தையும் கூட்டினால், இரண்டரை மணி நேரத்தில் முடியும் நான்கு வழிச்சாலைப் பயணத்தைவிட அது எவ்வகையிலும் மேலானதாகாது. ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கிடையே வெறும் 2.7 கிலோமீட்டருக்கு விமானம் பறக்கிறதென்றால், இடையில் கடல் குறுக்கிடுவதே அதற்குக் காரணம்.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் புதிய முனையம் திறக்கப்பட்டதுடன், 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டு, பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வழி பிறந்திருக்கிறது. மலையடிவார மக்களுக்கு இதன் பயன் முழுமையாகக் கிட்ட வேண்டுமானால், ஓடுபாதையைப் போலவே சாலையும் நீள வேண்டும். திருமங்கலம் – ராஜபாளையம் நான்கு வழிச்சாலைப் பணியை விரைந்து முடிப்பதும், இரு விமான நிலையங்களுக்கும் இவ்வட்டாரத்திலிருந்து நேரடிப் பேருந்துகளை இயக்குவதுமே அரசு செய்ய வேண்டிய உடனடிப் பணிகளாகும்.